கேமரா இருந்தால் காலியாகும் தண்ணீர் பாட்டில்

முதல் நாளே இரண்டு ரோல் ஃபிலிம் வீண். வீணாக்கியது நானில்லை, அந்தத் தையல் லைனில் இருந்த முப்பது பேரும் அவர்களுடைய சூப்பர்வைசரும்தான் என்று அன்றைக்குக் கோபமாக நினைத்துக்கொண்டேன்.

அவிநாசியில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்றே இருபது வருஷம் ஓடிவிட்டது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தொழிலாளர் நல அமைப்பு ஒன்று என்னைக் கூப்பிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் வேலை எப்படி நடக்கிறதோ அப்படியே எடுத்துத் தாருங்கள், கண்காட்சி வைக்கப்போகிறோம் என்றார்கள். "இங்க பாருங்க, சிரிங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தவனுக்கு வேறென்ன வேண்டும்? தெரிந்த முதலாளி ஒருவர் ஒரு வாரம் உள்ளே வர விட்டார்.

முக்கியமாக எடுக்கச் சொல்லியிருந்தது டோக்கனை. பாத்ரூம் போகிறவர் ஆணியில் தொங்கும் தகர டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவர் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம். முப்பது பேருக்கு ஒரே டோக்கன். நான் உள்ளே நுழைந்ததுமே அது சூப்பர்வைசர் பழனிச்சாமியின் சட்டைப் பைக்குள் போய்விட்டது. பெண்கள் அவரவர் பாட்டுக்கு எழுந்து போய் வந்தார்கள். "மெதுவா வாங்கம்மா" என்று அவர் சொல்ல, பின்னால் யாரோ இருமிச் சிரிப்பை அடக்கினார்கள்.

நான் விடுவேனா? மறுநாள் துணி பண்டலுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். "அண்ணே, கால் தெரியுது" என்றது ஒரு குரல். லைனே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

வியாழக்கிழமை முகூர்த்தம். கல்யாண ஆர்டர் இருந்ததால் போகவில்லை. வெள்ளிக்கிழமை போனபோது துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் இருந்த ரோஸ்மேரி என்னை முறைத்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மூன்று நாளாக எனக்கு அண்ணன் என்று மரியாதை கொடுத்தவர்.

"நேத்து எங்க போனீய?"

"கல்யாண ஆர்டருங்க."

"நல்லாருக்கு. நீங்க வந்தா நாங்க தண்ணி குடிக்கோம். வரலன்னா குடிக்க மாட்டோம். குடிச்சா அந்த டோக்கனுக்குக் காத்துக் கெடக்கணும்லா?"

மிஷினை நிறுத்தாமலே மீதியையும் சொன்னார். அந்த வருஷம் இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்திருக்கிறார். மூன்றாவது வந்தால் கிட்னியைப் பாதிக்கும், தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். "இந்த மாசம் பாப்பேன். இல்லன்னா வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிருவேன். அங்க போயி என்ன செய்யன்னுதான் தெரியல."

ஸ்டுடியோவுக்குப் போய் அதுவரை கழுவிய பிரிண்டுகளை மேசையில் பரப்பினேன். ஒவ்வொரு மிஷின் காலடியிலும் ஒரு தண்ணீர் பாட்டில். காலை ஷாட்டில் நிறைந்திருக்கிறது, சாயங்கால ஷாட்டில் காலி. நான் பொய் என்று ஒதுக்கிவைத்த படங்கள் அவை. வெட்கமாக இருந்தது. இயல்பாக இருக்கவில்லையே என்று நான் எரிச்சல்பட்ட நாட்களில்தான் அந்தப் பெண்கள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை முதலாளியிடம் போனேன். இருபது வருஷத்தில் எந்தக் கஸ்டமரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"படம் சரியா வரலீங்க. இன்னொரு வாரம் வேணுங்க."

"ஏனுங்க, அவிநாசில பெரிய ஸ்டுடியோன்னு சொன்னாங்களே?"

"வெளிச்சம் பிடிபடலீங்க."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சிரிப்பை முழுங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஆறு நாளும் காலையில் மிஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நின்றேன். ஒரு முகூர்த்தத்தை வேறு ஸ்டுடியோவுக்குத் தள்ளிவிட்டேன். வீட்டில் திட்டு விழுந்தது. ஒளிந்துகொள்ளவில்லை, லைனின் நடுவில் நின்றேன். மணிக்கு ஒரே ஒரு ஷாட். வெறும் ஆணி, காலடி பாட்டில்கள், சுவரில் மணிக்கு எத்தனை பீஸ் என்று பழனிச்சாமி எழுதும் போர்டு, மூன்றும் ஒரே ஃபிரேமில் வர வேண்டும். மற்ற நேரம் கேமராவைச் சும்மா கண்ணில் வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் பிரிண்டுகளை முதலாளியின் மேசையில் வரிசையாக வைத்தேன். பழனிச்சாமியும் நின்றார்.

"டோக்கன் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"இல்லீன்னா புரொடக்‌ஷன் குறைஞ்சு போயிருங்க" என்றார் பழனிச்சாமி.

முதலாளி கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு போர்டாகப் படித்தார். டோக்கன் இருந்த நாட்களின் பீஸ் கணக்கு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி ஒத்துப் பார்த்தார்.

"எங்கீங்க குறைஞ்சிருக்குது, பழனிச்சாமி?"

பழனிச்சாமி பிரிண்டுகளை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தகரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நல அமைப்பு என் படங்களை வாங்கவில்லை. "இதுல கஷ்டமே தெரியலயே சார்" என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். நான் இல்லாதபோது அந்த லைன் எப்படி இருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு படமும் கிடையாது.

கேமரா தூக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு, நாம் நிற்பது தெரியாமல் எடுப்பது எப்படி என்று. எனக்குத் தெரியாது. நாம் போனதும் எது மாறுகிறது, யார் எதைப் பைக்குள் ஒளிக்கிறார் என்று பாருங்கள். ஒளிக்கிறவருக்கே அது தப்பென்று தெரியும். அங்கேயே நில்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து வெறுங்கையோடு அந்தப் பக்கம் போனேன். ஆணியில் காலண்டர் தொங்கியது. ரோஸ்மேரி நிமிர்ந்து பார்த்தார்.

"கேமரா கொண்டாரலியா அண்ணே?"

"இல்லீங்க."

"வேண்டாம், இருக்கட்டும்" என்று சொல்லி, காலடியில் இருந்த பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தார்.