கையில் என்ன இருந்தது?

நானூற்றுப் பதினோரு பேர். எம்பிஏ நேர்முகத் தேர்வுக்குப் போய்ச் சொந்தக் கதையைச் சொல்ல, பதினோரு ஆண்டுகளில் இத்தனை பேரைத் தயார் செய்திருக்கிறாள் கதை டீச்சர். நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள் அவளேதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

கதை டீச்சர் என்பது வந்தவர்கள் வைத்த பெயர். முதலில் அவள் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பக் கட்டுரைகளை அச்செடுக்க வருகிறவர்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பாள். ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "சார், உங்க கதைன்னு போட்டிருக்கீங்க, இதுல நீங்க எங்கேயுமே இல்லையே" என்றாள். அந்த சார் அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது மருந்துக்கடை மாடியில் தனி அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வீட்டு அடுப்படியிலிருந்து கொண்டுவந்த டைமர். தொண்ணூறு நொடிக்குள் கதை முடியாவிட்டால் கத்திவிடும்.

வங்கி, கிடங்கு, மருத்துவமனை, ராணுவம் என்று எங்கிருந்து வந்தாலும் ஒரே கதைதான் வரும். "என் தலைமையில டீம் ஜெயிச்சுது." அவள் மறுத்துப் பேச மாட்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"அப்போ உங்க கையில என்ன இருந்துச்சு?"

நிஜமாகவே அனுபவித்தவர் பட்டென்று சொல்லிவிடுவார். டார்ச். ஆறிப்போன டீ. மேனேஜரோட குடை. கதை விடுகிறவர் மின்விசிறியைப் பார்ப்பார். பார்த்தால், "வேற கதை எடுங்க" என்பாள்.

இடம் கிடைத்துப் போனவர்கள் ஒரு போட்டோ அனுப்புவார்கள். படிக்கட்டு போல ஏறிப் போகும் வகுப்பறை, வளைந்த மேசைகள், பல் தெரியச் சிரிக்கும் கூட்டம். வாழ்த்துச் சொல்லிவிட்டு, அவள் அந்தப் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்குவாள். சிரிக்கும் முகங்களைத் தாண்டிப் போய் காலி நாற்காலியைத் தேடுவாள். எப்படியும் ஒன்று இருக்கும். மூன்றாவது வரிசை ஓரத்தில், இல்லாவிட்டால் ஜன்னல் பக்கம். அதன்மேல் யாருடைய பையாவது கிடக்கும். அதை எடுத்துக் கீழே வைக்க அவள் விரல் துறுதுறுக்கும்.

அங்கே போய் என்ன செய்யப்போகிறாளாம்? பாடம் படிக்கத்தான். ஆனால் அது மட்டுமில்லை. பதினோரு வருடமாகக் கேள்வி கேட்கிற நாற்காலியிலேயே உட்கார்ந்து இடுப்பு பிடித்துவிட்டது. யாராவது அவளைக் கேட்க வேண்டும். அவள் சொல்வதை அறுபது பேர் மறுக்க வேண்டும். அவள் விடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முப்பத்தொன்பது வயதில், வேலை பார்ப்பவர்களுக்கான வார இறுதிப் படிப்புக்கு இந்த முறை அழைப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை நேர்முகம். ஞாயிறு மதியம், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தங்கையைப் பிடித்து எதிரே உட்கார வைத்தாள். தங்கை மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிக்கொண்டு ரொம்ப கெத்தாகக் கேட்டாள்.

"உங்க வாழ்க்கையில ஒரு தோல்வியைச் சொல்லுங்க மேடம்."

டீச்சர் டைமரை அழுத்தினாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. மிஷின் சத்தம் மாறியதும் சந்தேகம் வந்தது, நிறுத்தச் சொல்லத் தயங்கினோம், நாற்பது நிமிடத்தில் எல்லாம் போச்சு. குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. எண்பத்தெட்டாவது நொடியில் முடித்தாள்.

"கையில என்ன இருந்துச்சு?"

"ஹெல்மெட். வார் அறுந்த ஹெல்மெட்."

தங்கை கண்ணாடியைக் கழற்றினாள். "நீ எப்பக்கா ஹெல்மெட் போட்ட? பக்கத்துத் தெருவுக்குப் போறதுக்கே போட மாட்டியே."

டீச்சருக்கு உறைத்தது. அது மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த சிமென்ட் ஆலை இன்ஜினியரின் கதை. செதுக்கிச் செதுக்கி அந்த வாரும் அவள் கைக்கே வந்து சேர்ந்திருந்தது.

"சரி, வேற சொல்றேன். ஒரு தடவை வார்டுல..."

"அது ராணுவ டாக்டர் கதை. அன்னைக்கு நீ அதைச் சொல்லி அழுததுல எனக்கே மனப்பாடம்."

மூன்றாவதாக வாயைத் திறந்து, தானே மூடிக்கொண்டாள். நானூற்றுப் பதினோரு வாழ்க்கைகள் உள்ளே வரிசையாக நின்றன. தன்னுடையது எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை.

"நான் வியாழக்கிழமை போகலடி."

"இரு. நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிட்டுப் போகாம இரு. போன வருஷம் பிப்ரவரி கடைசி நாள். சாயங்காலம் அஞ்சு மணி. உன் கையில என்ன இருந்துச்சு?"

பதில் பட்டென்று வந்தது. "தட்டு."

"யாரோட தட்டு?"

"உன்னோடது."

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்க்கா! பாதிச் சோத்துல பிடுங்கிட்டுப் போய் கழுவின!"

வருடா வருடம் விண்ணப்பம் அனுப்ப அதுதான் கடைசி நாள், ஆறு மணிக்கு முடியும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருப்பாள். ஐந்து மணிக்கு எழுந்து, இதை மட்டும் முடிச்சுட்டு வந்துடறேன் என்று பாத்திரம் தேய்க்கப் போவாள். ஆறரைக்குத்தான் கை துடைப்பாள். ஐந்து வருடம் இப்படியே.

"அதான் இந்த வருஷம் பேப்பர் தட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றாள் தங்கை.

"குழாய் ரிப்பேர்னு சொன்னியே?"

"குழாய்க்கு ஒரு கேடும் இல்ல. பாத்திரத்தையெல்லாம் கோணிப்பையில கட்டி என் லேப்ல கொண்டுபோய் வச்சுட்டேன். அங்க எல்லாரும் நான் வீட்டை விட்டு ஓடி வந்துட்டேன்னு நெனச்சாங்க."

டீச்சர் சிரிக்கத்தான் பார்த்தாள். முகம் அழுகைப் பக்கம் போய்விட்டது. "இதைப் போய் அங்க எப்படிச் சொல்றது? மானம் போயிடும்" என்றாள்.

"உன்கிட்ட ஒருத்தர் இதைக் கொண்டுவந்தா என்ன சொல்லுவ?"

என்ன சொல்வாள் என்பது இருவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நான்காவது கேள்வியாக அது வந்தது: ஒரு தோல்வி. ஹெல்மெட் கதை பளபளவென்று நாக்கு நுனியில் வந்து நின்றது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் அதை மென்று விழுங்கினாள்.

"அஞ்சு வருஷமா உங்க ஃபாரத்தை நிரப்பி, அனுப்பாம விட்டுட்டேன்" என்றாள். பாத்திரத்தைச் சொன்னாள், பாதிச் சோற்றைச் சொன்னாள், கோணிப்பையைச் சொன்னாள். ஓரத்தில் இருந்த பேராசிரியர் இருமுவது போல் சிரித்தார். டைமர் இருந்திருந்தால் எப்போதோ கத்தியிருக்கும். கதைக்கு முடிவும் இல்லை, சும்மா நின்றுபோனது.

நடுவில் இருந்த அம்மா சிரிக்கவில்லை. "அப்படி ஏன் அனுப்பாம இருந்தீங்க?"

இதற்கு அவள் தயார் செய்து வரவில்லை. "அனுப்பாத வரைக்கும் உங்க கிளாஸ்ல ஒரு காலி சேர் எனக்குன்னு நெனச்சுக்கலாம் மேடம். அனுப்பிட்டா, இல்லன்னு நீங்க சொல்லிடலாம்ல."

அந்த அம்மா ஏதோ எழுதிக்கொண்டார். என்னவென்று தலைகீழாகப் படிக்க முடியவில்லை.

வெளியே வரும் வழியில் ஒரு வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. படிப்படியாக ஏறிய வரிசைகளில் ஒருவரும் இல்லை. நாற்காலி மேல் எந்தப் பையும் இல்லை. அவள் வாசலில் நின்று மூன்றாவது வரிசை ஓரத்தைக் கண்டுபிடித்தாள். போட்டோவில் தெரிந்ததைவிட அது கதவுக்கு ரொம்பப் பக்கத்தில், எட்டே அடி வைத்தால் போய்விடும் தூரத்தில் இருந்தது. உள்ளே போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

முடிவு பதினெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்கு வரும். தங்கை பேப்பர் தட்டு வாங்கி வைத்துவிட்டாள். பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நானூற்றுப் பதிமூன்றாவது ஆளாக ஒரு பல் டாக்டர் வருகிறார். தன்னிடம் தோல்விக் கதை எதுவும் இல்லை என்று போனிலேயே சொல்லியிருக்கிறார்.