சைக்கிள்காரருக்கு ஸ்டேஷனில் என்ன வேலை?

மாசிலாமணி போய்விட்டார் என்று காசிம் பாய் எங்கள் தபால் ஆபீசுக்கே வந்து சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "யார் சொன்னாங்க? நீங்க பார்த்தீங்களா?" என்பதுதான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்றில் மிஷினைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். "சாவுக்குக் கூடவா சார் சாட்சி கேப்பே?" என்றார் பாய்.

சந்தேகம் என் பிறவிக் குணம். பால்காரர் முதல் பஞ்சாங்கம் வரை எதையும் நான் ஒரே தடவையில் ஒப்புக்கொண்டதில்லை. மந்தைவெளிக்காரர்களாகிய உங்களுக்கு இது தெரியும். மாசிலாமணி காஷ்மீருக்கு முழுக்கச் சைக்கிளில் போகவில்லை, பாதி வழி ரயிலில் போனார் என்று உங்களில் பலர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை உங்கள் காதில் போட்டவன் நான். ஆகவே இந்த அஞ்சலியை நான்தான் எழுத வேண்டும்.

அவருக்கு டைப்ரைட்டர் ரிப்பேர் வேலை. மயிலாப்பூர், தியாகராய நகர் என்று ஆபீஸ் ஆபீஸாகச் சைக்கிளில் போவார். எவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டாலும், "மிதிச்சா வந்துரும் சார்" என்பார். அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காஷ்மீருக்கும் அதையே சொன்னார். தனியாகப் போய், மேற்குக் கரை வழியாகக் கன்னியாகுமரிக்கு இறங்கி, அங்கிருந்து சென்னை திரும்புவதாகத் திட்டம். சைக்கிளைத் தயார் செய்து கொடுத்தவர், மந்தைவெளியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காசிம் பாய்.

வழியிலிருந்து அவர் போடும் தபால் கார்டுகள் பாய் கடை விலாசத்துக்கு வரும். சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கடை வாசலில் கூடுவோம். நான் உரக்கப் படிப்பேன். மாசிலாமணியின் மனைவி கமலா பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று கேட்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புருஷனின் சேதி அவருக்கும் அந்தக் கார்டில்தான் வர வேண்டும். ஒவ்வொரு கார்டிலும் அடுத்த பெரிய ஊரின் பெயர் இருக்கும். அந்த ஊர்த் தபால் ஆபீசுக்கு நாங்கள் பதில் போடுவோம். தபால்காரன் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

கச்சேரி ரோடு பஞ்சு மாமா, "அங்கெல்லாம் நல்ல காபி கிடைக்கறதான்னு கேட்டு எழுதும் ஓய்" என்பார். "மாமாவுக்கு: காபி என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். குடித்துவிட்டேன்" என்று பதில் வரும். "பாய்க்கு: செயின் இரண்டு தரம் கழன்றது. உங்கள் மேல் கோபமில்லை, செயின் மேல்தான்." கடை வாசலே சிரிக்கும். கமலாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

எனக்கு மட்டும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. தாம்பரத்தைத் தாண்டிச் சைக்கிள் விடாதவன் நான். பொறாமை என்று இன்று சொல்கிறேன். அன்று அதற்கு ஜாக்கிரதை என்று பெயர் வைத்திருந்தேன். ஜான்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கார்டில் ஊர்த் தபால் ஆபீஸின் முத்திரை இல்லை. ரயிலின் தபால் வண்டியில் குத்தும் முத்திரை இருந்தது. அடுத்த கார்டிலும் அதுவே, அதற்கடுத்ததிலும் அதுவே. ஒரு சனிக்கிழமை கார்டைத் தூக்கிக் காட்டி, "சைக்கிள்ல போறவருக்கு ஸ்டேஷன்ல என்ன வேலை?" என்று கேட்டேன். ரயில் நிற்கும்போது கூடுதலாக ஒரு தபால்தலை ஒட்டி, பிளாட்பாரத்திலிருந்து யார் வேண்டுமானாலும் அந்த வண்டியில் கார்டைப் போடலாம். இது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. நான் கார்டைப் படித்து முடிப்பதற்குள் கமலா அன்று போய்விட்டார்.

பிறகு பதில்களில் தூண்டில் போட ஆரம்பித்தேன். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவே எத்தனை பாலம், எந்தக் கரையில் ஏற்றம் அதிகம் என்றெல்லாம் கேட்டேன். "தபால் சார் பாலங்களை எண்ணச் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கொண்டே போகிறேன், நல்ல துணையாக இருக்கிறது" என்று எழுதினார். எவ்வளவு கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் கார்டில், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அடையாறு பாலத்தில் சந்திப்போம் என்றிருந்தது. மாலையும் கையுமாகப் பாலத்தில் நிற்பதாகத்தான் ஏற்பாடு. நான் அதைக் கலைத்தேன். தெற்கேயிருந்து வரும் ரயிலில் வந்து, மாம்பலத்தில் சைக்கிளோடு இறங்கி, சைதாப்பேட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு பாலத்துக்கு வருவார், கையோடு பிடித்துவிடலாம் என்றேன். ஆள் இறங்காவிட்டால் பாலத்துக்கு ஓடிவிடலாம் என்றதும் எல்லோரும் கிளம்பினார்கள். பாய் மட்டும், "பாலத்துக்குன்னா வரேன், ஸ்டேஷனுக்கு வரமாட்டேன்" என்று கடையிலேயே இருந்துவிட்டார்.

ரயில் தாமதம். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நானே எல்லோரையும் இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். பதினொன்றரைக்கு வந்தது. இறங்கிய கூட்டம் வாசலில் நெரிந்தபோது, அதன் நடுவே மாசிலாமணி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறுத்து, பாதியாக இளைத்து, வாய் நிறையச் சிரிப்போடு.

"இன்னா சார், எல்லாரும் இங்க கீறீங்க! பாலத்தாண்ட ரெண்டு மணி நேரமா நின்னுகினு இருந்தேன். அப்பால கடைக்குப் போனா, நீங்க மாம்பலம் ஸ்டேஷன்ல கீறீங்கன்னு பாய் சொன்னாரு. அப்படியே மிதிச்சுகினு வந்துட்டேன்."

"சைக்கிள்ல வந்தவருக்கு ஸ்டேஷன்ல என்ன வேலை?" என்றேன் நான்.

அவர் என் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். புறப்பட்டுக்கொண்டிருந்த ரயிலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "அதானே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். மாலையை யாரும் போடவில்லை. வாசலில் பூ விற்கிற அம்மாளிடமே அதைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

"அவரை ஸ்டேஷனுக்கு அனுப்பினது நான்தான்" என்று பாய் அன்றைக்கே சத்தியம் செய்தார். தான் கொடுத்த சைக்கிளின் பெயரைக் காப்பாற்றுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமைக் கூட்டம் நின்றுபோயிற்று. நேபாளம் போகப்போவதாக மாசிலாமணி எப்போதோ எழுதியிருந்தாரே என்று, சில வருஷம் கழித்து ராஜா அண்ணாமலைபுரத்தில் பார்த்தபோது வாயைக் கிளறினேன். "போனா யாருக்கு சார் கார்டு போடறது?" என்றார். அப்புறம் அவர் எங்கும் போகவில்லை. கமலாவும் அவரும் நான் எதிரே வந்தால் நின்று, சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அதிலும் ஏதோ உள்ளர்த்தம் தேடியிருக்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பழைய டைப்ரைட்டர் ரிப்பனால் கட்டிய ஒரு கார்டுக் கட்டைக் கமலா கொண்டுவந்து என் முன் வைத்தார். நாங்கள் எழுதிய பதில்கள் அத்தனையும் இருந்தன. "அவருக்கு உங்க மேல வருத்தம் இல்ல சார். எனக்குக் கீது" என்றார்.

மேலே இருந்தது என் கையெழுத்து. "தங்கள் கார்டுகள் திங்கள், செவ்வாய் என்று வந்து சேர்கின்றன. சனிக்கிழமை கூடுகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். எப்படியாவது சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்பவும்." ஜான்சிக்கு முந்தின ஊருக்கு நான் போட்ட கார்டு. எழுதியதையே மறந்திருந்தேன். அதன் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஸ்டேஷன்களின் பெயர்கள், தபால் ரயில் வரும் நேரங்கள், ரோட்டை விட்டு எத்தனை மைல் உள்ளே போக வேண்டும் என்ற கணக்கு. ஒன்பது மைல். பதினான்கு மைல். போய்த் திரும்ப வேறு வேண்டும்.

இதையெல்லாம் இப்போது கமலாவே எழுதிச் சேர்த்திருப்பாரோ என்று ஒரு நொடி என் புத்தி போயிற்று. அவருக்கு எழுதத் தெரியாது என்பது அடுத்த நொடிதான் நினைவுக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்தக் கார்டைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். மாசிலாமணியிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ஜான்சியிலும் சரி, மாம்பலத்திலும் சரி, அவருக்கு ஸ்டேஷனில் இருந்த வேலை நாங்கள்தான்.