புழு கேட்டுப் போன வீடு

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஆய்வு மாணவனாக இருந்தபோது, நொச்சி இலைச் சாறு கொசுப் புழுவையும் நோய்க்கிருமிகளையும் கொல்லுமா என்று பார்ப்பதுதான் என் வேலை. நொச்சி எங்கும் கிடைத்தது. புழுதான் கிடைக்கவில்லை. கடைசியில் ஆய்வகத் தோழனும் நானும் பைக்கில் ஒத்தக்கடைக்குக் கிளம்பினோம்.

முதல் வீட்டு அக்கா எங்களைக் கண்டதும் பதறினார். "டிரம்மெல்லாம் கழுவிக் கவுத்திட்டேன் தம்பி. ஒரு புழுகூட கெடையாது. அபராதம் போட்டுறாதீங்க."

"அய்யோ, கழுவிட்டீங்களாக்கா? நாங்க கொசு ஒழிப்பு ஆபீசருங்க இல்ல. எங்களுக்குப் புழுதான் வேணும்" என்றான் தோழன்.

அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கொல்லைக்கு அழைத்துப் போனார். பழைய ஆட்டுக்கல் குழியில் மழைத்தண்ணீர். அதில் புழுக்கள் நெளிந்தன.

"இம்புட்டு கெடக்கு, அள்ளிக்கங்க."

டீ வடிகட்டியால் அள்ளி வந்தோம். மறுநாள் காலை சாறு ஊற்றிய குவளையில் எல்லாம் செத்துக் கிடந்தன. நான் துள்ளிக் குதித்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் பக்கத்துக் குவளையைக் காட்டினார். சாறே இல்லாமல், அதைக் கரைக்கும் ஆல்கஹாலை மட்டும் ஊற்றிய குவளை அது. அதிலும் ஒன்று மிஞ்சவில்லை.

"கொன்னது நொச்சி இல்லப்பா, ஒன் ஆல்கஹால்" என்றார்.

மறுபடியும் ஒத்தக்கடை. அக்கா ஆட்டுக்கல்லின் மேல் பழைய சேலைத் துணியை இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். "கொசுவாகிப் பறந்துட்டா ஒங்களுக்கு ஆகாதுல்ல?" என்றார். துணியை அவிழ்த்து மறுபடியும் அள்ளிக்கொண்டோம்.

இந்த முறை ஆல்கஹாலை முழுக்க ஆவியாக்கிவிட்டு, வறண்ட சாற்றைத் தண்ணீரில் கலக்கினோம். காலையில் சாறு இருந்த குவளையில் அசைவே இல்லை. வெறும் தண்ணீர்க் குவளையில் புழுக்கள் ஜாலியாக நீந்தின. இரண்டு வகை நோய்க்கிருமிகளை வளர்த்து வைத்திருந்த தட்டுகளில் ஒன்றில், சாறு விட்ட இடத்தைச் சுற்றிக் கிருமி வளராத சிறு வளையம் தெளிவாக விழுந்திருந்தது. மற்றதில் ஒன்றுமே நடக்கவில்லை. பேராசிரியருக்கு அதுவே திருப்தி.

மதியம் அக்காவின் போன். "என்ன தம்பி, எங்க வீட்டுப் புழு செத்துச்சா?"

"செத்துருச்சுக்கா!"

"அப்ப நானும் நொச்சிய அரைச்சு ஊத்தட்டா?"

"வேணாங்க்கா. தண்ணியக் கொட்டிருங்க, அதான் நல்லது."

"கல்ல ஒத்த ஆளா எப்பிடிப் பெரட்டுறது?"

ஞாயிற்றுக்கிழமை போய் நாங்கள் இருவருமே ஆட்டுக்கல்லைக் கவிழ்த்துப் போட்டோம். அக்கா சுடச்சுடப் பணியாரம் கொடுத்தார்.