கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்த வரை

எங்கள் பெரியப்பா ரகசியம் சொன்னால் தெருமுனை இட்லிக்கடை வரைக்கும் கேட்கும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் தறி ஓட்டியவர். அத்தனை தறிகளும் ஒன்றாக அடிக்கும் கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்கு இரண்டு விஷயம் நடக்கும் என்று அம்மா சொல்வாள்: காது போய்விடும், குரல் வளர்ந்துவிடும். பெரியப்பாவுக்கு இரண்டும் நடந்துவிட்டதாக வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அவர் காப்பி கேட்டால் பக்கத்து வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கிறார்கள் என்று அப்பா கேலி செய்வார்.

அந்தக் குரலால் அவர் இழந்தது, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தை. நான் பிறப்பதற்கு முன்பு ஒரு தவக்காலத்தில், கோயிலில் சாமியார் உட்கார்ந்து கேட்கும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியின் ஓரம் மண்டியிட்டு, சாமியார் காதுக்கு மட்டும் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் மரியாதைக்கு முதலில் சற்றுத் தள்ளிப் போனார்களாம். பிறகு சுவாரசியம் தாங்காமல் முன்பைவிடக் கிட்டே வந்தார்களாம். எழுந்து திரும்பியவர் அந்த முகங்களைப் பார்த்தார். அதன் பிறகு தொட்டிப் பக்கம் போகவே இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார், கடைசித் தூணோரம் நிற்பார், எல்லோரும் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது, பாவசங்கீர்த்தனம் செய்யாத அவர் செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொள்வார்.

எனக்கு ஒன்பது வயதானபோது அவருக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் ஆறாமல், சிறுநீரகமும் கெட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் வாசல் ஒன்று, கிரைண்டரும் ஒன்று.

சாமியாரைக் கூப்பிட வேண்டும் என்ற பேச்சு அவருடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே நடந்தது. நோயில்பூசுதல் என்று கோயிலில் சொல்வார்கள். நோயாளிக்குச் சுகமும் தைரியமும் கேட்டு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசுவது. ஆனால் எங்கள் தெருவில் அதற்குப் பழைய பெயர்தான். அவஸ்தை. ஒருவருக்கு அவஸ்தை கொடுத்தாகிவிட்டது என்றால் பந்தல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது என்று பொருள். எனவே நோயாளிக்குத் தெரியாமல்தான் எல்லாம் ஏற்பாடாகும்.

"டாக்டரு கைய விரிச்சுப்போட்டாரு. இனி அவஸ்தை குடுத்தறதுதான்" என்றார் அப்பா.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் அம்மா.

"ஆருக்குங் கண்ணு மெதுவா? இந்த மனுசனுக்கு இடி உளுந்தாலே கேக்காது" என்றாள் பெரியம்மா. "பாவசங்கீர்த்தனம் பண்ணாம இவரு போயிட்டா என்ன பண்றது? மோட்சத்துக்குப் போயும் இவர எங்கீன்னு நான் தேடோணுமா? உசுரோட இருக்கறப்பவும் இம்சை, செத்தும் இம்சை. இவரு போயிட்டா நான் ஆரத் திட்டிட்டு உக்காந்திருப்பேன்?"

பெரியம்மா இப்படித்தான். காலை முதல் விளக்கு வைக்கும் வரை அவர் எதிரிலேயே, காய் நறுக்கிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும், சாதாரணக் குரலில் அவரைத் திட்டிக்கொண்டே இருப்பாள். அவர் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். அன்றும் அப்படியே படுத்திருந்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏனுங்க! நாளைக்குச் சாமியாரு வாராருங்க! ஊடு மந்திரிக்க!"

"எந்த ஊட்ட?"

"நம்ம ஊட்டத்தானுங்க!"

"போன மாசந்தான மந்திரிச்சாங்க! அதுக்குள்ள அழுக்காயிருச்சா?"

அப்பா வெளியே போய்ச் சிரித்தார். சிரித்துவிட்டு வெகுநேரம் உள்ளே வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை எனக்கு முதல் பாவசங்கீர்த்தனம். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லித்தந்த முறைப்படி பத்துக் கட்டளைகளையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் என் பாவங்களை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். எதையும் வகைபிரித்து அடுக்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும். இன்றும் அப்படித்தான். சிஸ்டர் சொன்னவற்றில் இரண்டு விதிகள் மண்டைக்குள் நின்றுவிட்டன. ஒன்று, தெரிந்தே ஒரு பாவத்தை மறைத்தால் மொத்தப் பாவசங்கீர்த்தனமும் செல்லாது. இரண்டு, அடுத்தவருடைய பாவசங்கீர்த்தனம் தற்செயலாகக் காதில் விழுந்தால், கேட்டவரும் அதைச் சாகும்வரை வெளியே சொல்லக்கூடாது.

முதல் விதிதான் என்னைப் படுத்தியது. ஏனென்றால் பெரியப்பாவுடைய பாவம் ஒன்று எனக்கு மட்டும் தெரியும். பெரியம்மா கடைக்குப் போகும் நேரம் பார்த்து நான் அவருக்குத் தேன்மிட்டாய் கொண்டுபோய்க் கொடுப்பேன். மிட்டாயைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு, அவர் அறைத் திரைக்கு வெளியே நின்று, "பெரியப்பா" என்று மூச்சுவிடுகிற மாதிரி சொல்லுவேன். போர்வைக்குள்ளிருந்து கை மட்டும் நீளும். காது கேட்காதவர் எப்படிக் கையை நீட்டினார் என்று நான் யோசித்ததில்லை. இனிப்புக்கு அப்படியொரு மோப்ப சக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது சிக்கல் இரண்டு பக்கமும் இருந்தது. தேன்மிட்டாயை அவர் சாமியாரிடம் சொன்னால், அந்தக் குரலில் தெருவுக்கே தெரியும், பெரியம்மா என் தோலை உரிப்பாள். சொல்லாமல் விட்டால் பாவசங்கீர்த்தனம் செல்லாது, பெரியப்பா மோட்சத்துக்குப் போகமுடியாது. எப்படிக் கூட்டினாலும் விடை என் தலையில்தான் விழுந்தது.

குரல் விஷயம் பெரியவர்களுக்கும் கவலையாகத்தான் இருந்தது. உள்ளறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். வெளியே நின்று செபமாலை சத்தமாகச் சொல்லலாம் என்றாள் பெரியம்மா.

"அஞ்சு மணி உருட்டறதுக்குள்ள நீங்க நிறுத்திப்போட்டு அவரத் திட்ட ஆரம்பிச்சுருவீங்களேக்கா" என்றாள் அம்மா. பிறகு அவள்தான் வழி கண்டுபிடித்தாள். "கிரைண்டரப் போட்டுடலாம். உளுந்துக்குச் சத்தம் பத்தாது. அரிசியப் போடலாம்."

மறுநாள் காலையிலேயே சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்தாயிற்று. சிலுவையில் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணத்தில் தீர்த்தம், பஞ்சு, சாமியார் விரலிலிருந்து எண்ணெய் போக்க நறுக்கிய எலுமிச்சம்பழம், துண்டு. சரிபார்க்கும் வேலை என்னுடையது. திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அந்த வருஷங்களில் கோயம்புத்தூரில் கரண்ட் போகும் நேரம் குழந்தைகளுக்கும் மனப்பாடம். எங்கள் பக்கம் பன்னிரண்டு மணிக்குப் போகும். சாமியார் பத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பதினொன்று தாண்டியும் வரவில்லை. அம்மா ஊறிய அரிசியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வந்தபோது சட்டையெல்லாம் வியர்வை. வழியில் வண்டி பஞ்சராகித் தள்ளிக்கொண்டு வந்தாராம். புதிதாக வந்த இளைய சாமியார்.

"ஃபாதர், அவருக்குக் காது சுத்தமாக் கேக்காதுங்க. சத்தமாப் பேசோணுங்க. நாங்க இங்கீயே கிரைண்டரப் போட்டுக்கறோமுங்க" என்றாள் அம்மா.

"மாவாட்டவா?"

"ஆமாங்க ஃபாதர். இல்லீங்க ஃபாதர்."

அவர் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டுத் திரைக்குள் போனார். அம்மா சுவிட்சைப் போட்டாள். கல் உருளத் தொடங்கியது. பச்சரிசியின் கரகரப்பில் கூடமே அதிர்ந்தது. சத்தம் மட்டுப்படும்போதெல்லாம் அம்மா இன்னொரு கைப்பிடி அரிசியைப் போட்டாள். அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். பெரியம்மா திரையையே பார்த்தபடி, வெறும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் செபம் மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து ஏதோ முழக்கம் மட்டும் வந்தது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. நான் சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே நின்று, முள் நகரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே கரண்ட் போய்விட்டது.

கிரைண்டர் முனகி நின்றது. அந்த அமைதியின் நடுவில் பெரியப்பாவின் குரல், தறிக்கூடத்துக் குரல், ஒரு முழு வாக்கியத்தைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தது. அந்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. சிஸ்டரின் இரண்டாவது விதி எனக்கு இன்னமும் விதிதான். பெரிய பாவம் ஒன்றும் இல்லை, பெரியம்மாவைப் பற்றியது, அவ்வளவு சொல்லலாம். அதில் தேன்மிட்டாய் இல்லை. எனக்கு அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வாக்கியம் வரவில்லை. பிறகு உள்ளே மிக மெல்லிய ஒலி, காய்ந்த இலை நகர்கிற மாதிரி. பெரியப்பா கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். சாமியாரின் குரல்தான் இன்னும் உரக்க, "ஆமாங்க, சொல்லுங்க!" என்று வந்தது. பிறகு அதுவும் இறங்கியது.

அரிசி அள்ளிய கையோடு அம்மா அப்படியே நின்றாள். அப்பா சுவரை விட்டு நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா அவரைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். காதில் விழக்கூடாதது விழுந்துவிட்டதே என்று மூவரும் பயந்துவிட்டதாக நினைத்தேன். ஆகவே வாயில் விரலை வைத்து, யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சைகை காட்டினேன்.

நான் இப்போது பம்பு மோட்டார்களின் இரைச்சலை அளக்கும் வேலையில் இருக்கிறேன். இரைச்சலுக்கு நடுவில் பேசுகிறவர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள், இரைச்சல் நின்றதும் தாழ்த்துவார்கள். எங்கள் சோதனைக்கூடத்தில் தினமும் பார்ப்பதுதான். ஒரே ஒரு நிபந்தனை, அந்த இரைச்சல் அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். கிரைண்டர் நின்றது உள்ளே படுத்திருந்தவருக்குத் தெரிந்திருந்தது. கட்டிலருகில் டாக்டர் கையை விரித்ததைப் பேசியதும், அவஸ்தையும், அத்தனை வருஷத்துத் திட்டும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் மூவருக்கும் இது அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எனக்கு அன்று விளங்கவில்லை.

சாமியார் எங்களை உள்ளே கூப்பிட்டார். எல்லோரும் மண்டியிட்டோம். அவர் எண்ணெயைத் தொட்டு நெற்றியில் பூசினார். பெரியப்பா, யாரும் சொல்லாமலே, இரண்டு உள்ளங்கைகளையும் மலர்த்திக் காட்டினார். வீடு மந்திரிக்க வந்தவரிடம் எதற்குக் கையை நீட்டுகிறார் என்று எனக்குத் தோன்றியது. நன்மை வாங்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சாமியார் எலுமிச்சம்பழத்தில் விரலைத் தேய்க்கும்போது நான் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஃபாதர், ஒரு பாவம் விட்டுப்போச்சுன்னா செல்லாதுங்களா?"

"யாருக்கும்மா?"

"பொதுவாக் கேட்டேனுங்க."

"மறந்து விட்டுப்போனா செல்லும். வேணும்னே மறைச்சாத்தான் கஷ்டம்."

இது எனக்கு உதவவில்லை. பெரியப்பா தேன்மிட்டாயை மறந்தாரா மறைத்தாரா என்பது இப்போது புதிய கவலையாகச் சேர்ந்துகொண்டது. அப்பா சாமியாரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

நான் மேசையை ஒழிக்க உள்ளே போனேன். பெரியம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவில்லை. கட்டில் சட்டத்தில், அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பிறகு குனிந்து, அவர் காதருகில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். பக்கத்தில் மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டிருந்த எனக்கே கேட்காத குரல். அப்படியொரு சின்னக் குரல் பெரியம்மாவிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. பாவம், களைப்பில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"பெரிம்மா, சத்தமாச் சொல்லுங்க. அவருக்குக் கேக்காது" என்றேன்.

இருவரும் திரும்பவில்லை. பெரியப்பாவின் கை மட்டும் போர்வைக்குள்ளிருந்து நீண்டது. நான் பாவாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், அன்றைக்கு என்னிடம் மிட்டாய் இல்லை. ஆனால் கை என் பக்கம் வரவில்லை.

அம்மா வந்து என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். பிறகு கரண்ட் வந்தது. அம்மா கிரைண்டரைப் போடவே இல்லை. அரிசி பாதி அரைபட்டுக் கிடந்தது. மாவு வீணாகிவிடுமே என்று அன்று பொழுது சாயும்வரை நான்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.