ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி

வணிகர்கள் வாரம் ஒருமுறை காலைச் சிற்றுண்டிக்குக் கூடி, ஒருவர் மற்றவருக்கு வாடிக்கையாளர்களை அறிமுகம் செய்துவைக்கும் சங்கம் ஒன்று தம்பானூரில் ஓர் ஓட்டலில் நடக்கிறது. மகன் வற்புறுத்தியதால் அதில் உறுப்பினரானேன். ‘சாலை’ என்றே பெயர் கொண்ட கடைத்தெருவில் எங்கள் கடை என் தந்தையார் காலத்திலிருந்து இருக்கிறது. குழாய், தாழ்ப்பாள், கீல், ஒரு மூலையில் பெயின்ட். நான் வணிகவியல் பட்டதாரி. எனக்கு வியாபாரம் கொடுங்கள் என்று எவர் முன்னும் நின்றவனல்லன். நிற்கத் தேவையில்லாத அளவுக்குக் கடைக்குப் பெயர் இருந்தது. ஆனால் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் இப்போது சாலைக்குள் வண்டியைத் திருப்புவதே இல்லை. பொருள் கம்பெனியிலிருந்து நேரே கட்டுமிடத்தில் போய் இறங்கிவிடுகிறது.

“இப்படியே போனா கடைய வாடகைக்கு விட்டுட்டு வீட்ல இருக்க வேண்டியதுதாம்ப்பா” என்றான் மகன். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சங்கத்தில் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் பேச வேண்டும்; தமக்கு எப்படிப்பட்ட வாடிக்கையாளர் வேண்டும் என்று கேட்க வேண்டும். முதல் நாள் நான் எங்கள் வழக்கப்படி பூர்விகத்தில் தொடங்கினேன். தந்தையார் திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து கடை பிடித்த இடத்தை எட்டியபோது மணி அடித்துவிட்டது. தலைவர் விளம்பர நிறுவனம் நடத்தும் மலையாளி. “சாரே, ஹிஸ்டரி உஷாராயி. பக்ஷே சார் என்ன விக்கிறீங்கன்னு மனசிலாயில்லா” என்றார். வரலாறு பிரமாதம், விற்பது என்னவென்றுதான் புரியவில்லையாம். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பொருளை அறியுமுன் விற்கிறவனை அறிவது நல்லது என்பதே இன்றும் என் கருத்து.

அங்கே ஒரு விதி உண்டு. ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். நான் சேரும்போது என் தொழிலைக் ‘கட்டடப் பொருள்கள்’ என்று விரிவாகவே சொல்லியிருந்தேன். போகப்போக ஆர்டர்கள் வந்தன. வீட்டு உள்ளலங்காரம் செய்யும் ஓர் அம்மையார்தான் அதிகம் அனுப்பினார். வந்தவற்றில் பெரும்பகுதி பெயின்ட். மகனின் முகம் சற்றுத் தெளிந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்துக் கடைக்காரர் சங்கத்தில் சேர விண்ணப்பித்தார். அவருடையது பெயின்ட் கடை, பெயின்ட் மட்டுமே. இரண்டு கடைக்கும் சுவர் ஒன்று. ஏற்கெனவே உள்ள உறுப்பினரின் தொழிலோடு உரசினால் அந்த உறுப்பினர் சம்மதிக்க வேண்டும். தலைவர் தொலைபேசியில் அழைத்தார்; நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். “சார் ஒரு வாக்கு சொன்னா மதி. வேண்டாம்னா வேண்டாம். யார் சொன்னதுன்னு வெளிய போகாது, கேட்டோ.”

அன்று மாலை பக்கத்துக் கடைக்காரர் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். எங்கள் தெருவில் உதவியை வாய்விட்டுக் கேட்பதில்லை. வந்து உட்கார்ந்து ஒரு தேநீர் குடிப்பார்கள். புரிந்துகொள்ள வேண்டியது எதிரே இருப்பவரின் பொறுப்பு.

“மழை விடமாட்டேங்குதே, அண்ணாச்சி.”

“ஐப்பசி மழ, துலாவர்ஷம்லா. அப்படித்தான் இருக்கும்.”

“இந்த மழையில எவன் பெயின்ட் அடிப்பான்?”

“குழாய் மட்டும் மாட்டுவானாக்கும்?”

சிரித்தார். தேநீரை ஆற்றினார். “செவ்வாய்க்கிழமையானா அண்ணாச்சி வெடியக்காலமே கெளம்பிருதீங்க போல.”

“ஆமா.”

“அங்க இட்லி நல்லாருக்குமோ?”

“இட்லிக்குக் கொறையில்ல. சாம்பார்தான் சரியில்ல.”

“அப்படியா” என்றார். தம்ளரை வைத்தார். போய்விட்டார்.

மகன் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். “அவரு ஒண்ணுமே கேக்கலியேப்பா! கேக்காதவருக்கு நாம எதுக்குக் குடுக்கணும்? பெயின்ட்டும் போச்சுன்னா நமக்கு அங்க என்ன இருக்கு?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் கேட்கவில்லை, ஆகையால் நான் மறுக்கவுமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே எவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். கீல் தேடி வந்து, கடையில் என்னைக் காணாமல் திரும்பப் பார்த்தவர்களை, “கொஞ்சம் நில்லுங்க, இப்ப வந்துருவாரு” என்று அவர் நிறுத்திவைத்ததை என் கணக்கர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு வியாபாரியின் பெயர் அவன் பலகையில் இருப்பதைவிடப் பக்கத்துக் கடைக்காரரின் வாயில்தான் அதிகம் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் எழுந்தேன். இனி என் தொழில் குழாயும் கதவு சன்னல் சாமான்களும் மட்டுமே, பெயின்ட் என்னுடையதன்று, பக்கத்துக் கடைக்காரர் சேர ஆட்சேபம் இல்லை என்றேன்.

“சாரே, ஆலோசிச்சிட்டுத்தானே?” என்றார் தலைவர்.

“ஆலோசிக்காம எழுந்திருக்கிற வழக்கம் எனக்கில்ல.”

மகனிடம் கடைக்கு வந்து சொன்னேன். அவன் பெயின்ட் டப்பாக்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றத் தொடங்கினான்.

பக்கத்துக் கடைக்காரரின் முதல் நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். எழுந்தார், தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை. “சாலையில பெயின்ட் கடை. மழ முடிஞ்சதும் ரீபெயின்ட் பண்ற பிளாட் அசோசியேஷன் செக்ரட்டரி யாரையாவது தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க. ஓட்டலானாலும் மதி. நானே வந்து சுவரப் பாக்கேன்.” நிமிடம் மீதமிருக்க உட்கார்ந்துவிட்டார். உள்ளலங்கார அம்மையார் அங்கேயே அவருக்கு ஒரு வேலையைச் சொன்னார். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் இட்லி இறங்கவில்லை.

என்னிடம் சாம்பாரைத் தாண்டிப் பேச முடியாதவர், முன்பின் அறியாதவர்களிடம் இத்தனை எளிதாகக் கேட்கிறாரே என்று பல நாள் யோசித்தேன். அறியாதவன் மறுத்தால் அது அந்த மேசையோடு போய்விடுகிறது. பக்கத்துக் கடைக்காரன் மறுத்தால் நாளைக் காலை அவன் முகத்தில் விழித்துத்தான் கடை திறக்க வேண்டும். அதற்காகத்தான் எங்கள் தெரு தேநீரைக் கண்டுபிடித்தது போலும். ஆனால் அந்த ஏற்பாட்டில், புரியாதது போல் இருந்துவிட எதிரே இருப்பவனுக்கு வசதி அதிகம். என் கடையோ இனி யார் புரிந்துகொள்வார் என்று காத்திருக்கும் நிலையில் இல்லை.

ஒரு நாள் காலை அவர் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு முன் நின்றேன்.

“வாங்க அண்ணாச்சி, இரிங்க. டீ சொல்லுதேன்.”

“டீ வேண்டாம். ஒண்ணு கேக்க வந்தேன்.” குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. “நீங்க சுவர் பாக்கப் போற இடத்துல குளியலறையும் இருக்கும்லா. குழாய், ஃபிட்டிங்ஸ் எல்லாம் எங்கிட்ட வாங்கச் சொல்லி நீங்க சொல்லணும். எனக்கு வியாபாரம் வேணும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடையில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்துவிட்டார்.

“அண்ணாச்சி வாயால ‘வேணும்’னு கேட்டு இன்னிக்குத்தான் பாக்கேன்” என்றார். “மேலுக்குச் சொகமில்லையோ?”

“பதிலச் சொல்லுங்க.”

“நாளைக்குப் பட்டம் ஏரியாவுல ஒரு பிளாட்டுக்குப் போறேன். குழாயெல்லாம் துருப் பிடிச்சுக் கெடக்குன்னு செக்ரட்டரி பொலம்புதாரு. வண்டியில எடமிருக்கு. நான் சொல்லுததவிட நீங்களே வந்து கேட்டா என்ன?”

இன்னொரு அந்நியரிடம் இன்னொரு முறை கேட்க வேண்டும்.

“எத்தன மணிக்கு?” என்றேன்.