மூட்டை மூடாத பக்கங்கள்

என் தங்கச்சிக்கு ஆபீஸ் எங்கள் வீட்டு முன்னறைதான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவள் வேலையைப் பற்றி அவள் சொல்லிக் கேட்டதுதான் எனக்குத் தெரியும். அவள் கம்பெனியில் நாலு லைப்ரரி. புத்தகமில்லை, மற்ற கம்பெனிக்காரர்கள் எடுத்துப் பயன்படுத்த எழுதிவைத்த நிரல்கள். அவற்றுக்கான உதவிப் பக்கங்களை மெஷினே எழுதிக் கொடுத்துவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டருக்குள் நாலையும் தனித்தனி அறையாக அடுக்குவது இவள் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களுக்காகத் தானே உட்கார்ந்து எழுதிய பக்கங்களையும் அங்கேயே வைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் புது வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் வேலை தொடங்க வேண்டும். அவளை நம்பித் தனியாக ஒப்படைத்த முதல் காரியம். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். “அக்கா!” என்று அலறல். ஓடினேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“ஒரு லைப்ரரிக்கு இடம் தப்பா குடுத்துட்டேன்க்கா. அதோட அறைக்குப் பதிலா மொத்த ஃபோல்டரையும் காட்டிட்டேன். மெஷின் எழுதறதுக்கு முன்னாடி இடத்தைத் துடைச்சிடும். எல்லாம் போச்சு.”

“திரும்ப எழுதச் சொல்லேன்டி.”

“அது எழுதினது வந்துடும். நான் எழுதினது?”

மெஷின் எழுதுவதுதானே என்று அந்த ஃபோல்டரை மட்டும் யாரும் நகல் எடுத்து வைப்பதில்லையாம். ஆண்டவனே, இவளைக் கைவிட்டுவிடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

சட்டென்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கூட வேலை செய்கிற பையன் ஒருவன், கம்ப்யூட்டரில் திறந்த எதையும் மூடவே மாட்டான். ஆபீஸில் அவனுக்கு ‘மூட்டை’ என்றே பெயர்.

“டேய் மூட்டை, நேத்து படிக்கக் குடுத்த பக்கமெல்லாம் திறந்தே இருக்கா?”

“இருக்கு. திட்டத்தானே கூப்பிட்டே? கம்ப்யூட்டர் ரொம்ப இழுக்குது, இப்பதான் அணைக்கலாம்னு...”

“அணைக்காதேடா! கையை எடு!”

“எடுத்துட்டேன் தாயே!”

பக்கத்தைப் புதுப்பிக்கிற பட்டனில் விரல் பட்டாலும் அவன் திரையில் இருப்பதும் அழிந்துவிடுமாம். ஒவ்வொன்றாகச் சேமிக்க வைத்தாள். நான் கத்தியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

“கடைசிப் பக்கம் மட்டும் இல்லை. கொட்டாவி வந்துச்சு, திறக்கலை.”

“உன்னை வந்து வச்சுக்கறேன்” என்றவள், அதை மட்டும் அவசரமாகத் திரும்ப எழுதினாள். மெஷின் பக்கங்களைச் சரியான இடம் கொடுத்துத் திரும்ப எழுதவைத்தாள். தான் எழுதியதையெல்லாம் இந்த முறை அந்த ஃபோல்டருக்கு வெளியே தனியாக வைத்தாள்.

மத்தியானம் வாடிக்கையாளர்கள் அவரவர் இடத்திலிருந்தே பக்கங்களைத் திறந்தார்கள், வேலையைத் தொடங்கினார்கள். அப்புறம்தான் தண்ணீர் கேட்டாள். போன் அடித்தது.

“இப்பவாவது மூடலாமா?”

“வேணாம்டா ராசா, இருக்கட்டும்” என்றாள்.