டேரனின் பெயரைச் சொன்னவள்

ரானுயி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருமுனையில் பூங்கோதையும் கணவர் தவராசாவும் டெயரி என்று அங்கே சொல்லப்படும் அந்தச் சிறு மளிகைக் கடையை வாங்கியது தொண்ணூற்று மூன்றில். தவராசா விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் வேலை செய்தார். பகல் முழுக்கக் கடை அவள் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவள் என்பதால் ஆட்களைச் சமாளிப்பது அவளுக்குப் பெரிய பாடில்லை. ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். சிரிப்பு அதைவிடக் குறைவு.

தெரு அவளை விரும்பவில்லை. அவளும் தெருவை விரும்பவில்லை. பால் வேண்டியவர்கள் வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். அவளது குங்குமப் பொட்டைக் காட்டிப் பின்னால் கேலி பேசியவர்களும் அவளிடம்தான் வாங்கினார்கள்.

தொண்ணூற்றைந்து மாரிகாலத்திலிருந்து அந்தப் பக்கத்து டெயரிகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் கொள்ளை கூடியது. முதலில் கத்தியைக் காட்டி மிரட்டினார்கள். பிறகு மிரட்டுவதை விட்டுவிட்டு நேரே அடிக்கத் தொடங்கினார்கள். அடுத்த வீதியில் கடை வைத்திருந்த குஜராத்திக்காரரின் தாடையை உடைத்தார்கள். அவர் கடையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்.

"நாங்களும் வித்துப்போட்டுப் போவம்," என்றார் தவராசா.

"எங்கை போறது? இன்னும் எத்தினை இடத்துக்கு ஓடுறது?" என்றாள் பூங்கோதை.

அடுத்த வருடம், மத்தியானச் சாப்பாட்டை முடித்து அவள் வாய் கொப்பளித்துக்கொண்டு நின்ற நேரம், கம்பளி முகமூடி போட்ட ஒருவன் சொஃப்ட்போல் மட்டையோடு உள்ளே வந்தான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. மட்டையை ஓங்கினான். தலைக்கு வந்த அடியை அவள் இடக்கையால் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் மேசைக்கு மேலால் எட்டி சிகரெட் பெட்டிகளை அள்ளினான். அவன் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வலக்கையால் முகமூடியைப் பிடித்து இழுத்தாள். அது கழன்று அவள் கையோடு வந்தது.

"டேரன்!" என்று கத்தினாள்.

எதிர்வீட்டு லொரெய்னின் மகன். காலையில் தாய்க்குப் பால் வாங்க வருகிறவன். அவன் ஒரு கணம் திகைத்து நின்றான். "வாயைத் திறந்தால் செத்தாய்," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அவள் வாயைத் திறந்தாள். பொலிசிடம் பெயரையும் வீட்டையும் சொன்னாள். அன்று பொழுதுபடுவதற்குள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாளிலிருந்து கடைக்கு ஆட்கள் வருவது குறைந்தது. கண்ணாடியில் முட்டை அடித்தார்கள். 'ஊருக்குப் போ' என்று சுவரில் சிவப்பு மையால் எழுதினார்கள். லொரெய்ன் தன் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கடைக்குள் நுழைகிறவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தாள்.

தவராசா பயந்துபோனார். "முகத்தை வடிவாய்ப் பாக்கேல்லை எண்டு பொலிசுக்குச் சொல்லும். அவங்கட இடத்திலை இருந்துகொண்டு அவங்களோடை கொழுவ ஏலுமே?"

"ஊரிலை ஆமிக்குப் பயந்து வாயை மூடினம். இஞ்சை இவனுக்கும் மூடட்டோ?"

"உமக்கு விசர்."

"ஓம், விசர்தான். முறிஞ்சது உங்கட கையில்லை."



ஒரு சனிக்கிழமை பின்னேரம், கூடிவரும் வன்முறை பற்றிப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கட்டுப்போட்ட கையோடு பூங்கோதை தனியாகப் போனாள். பொலிஸ் அதிகாரி ஒரு வரைபடத்தை மாட்டி, வருடத்துக்கு வருடம் மேலே ஏறிய கோட்டை விரலால் காட்டினார். முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்தார்.

"முன்பு இந்தத் தெருவில் கதவைப் பூட்டாமல் தூங்கினோம். கண்டவர்களும் வந்து கடை போட்ட பிறகுதான் இதெல்லாம் தொடங்கியது."

பலர் கைதட்டினார்கள். பூங்கோதை எழுந்து நின்றாள். தெரிந்த ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னாள்: "அடிபட்டது நான். அடித்தவன் உங்கள் தெருவில் பிறந்தவன்."

யாரும் வெட்கப்படவில்லை. பின்னாலிருந்து ஒருவன் அவள் உச்சரிப்பைச் சொல்லிக்காட்டிச் சிரித்தான். அவள் கூட்டம் முடியும்வரை அசையாமல் அங்கேயே இருந்துவிட்டு வந்தாள்.

வழக்கு நடந்தது. முகமூடியை இழுத்ததையும் கண்ட முகத்தையும், கேட்டபோதெல்லாம் ஒரே மாதிரிச் சொன்னாள். டேரன் சிறைக்குப் போனான். நீதிமன்ற வாசலில் லொரெய்ன் அவள் காலடியில் காறித் துப்பினாள். பூங்கோதை துப்பலைத் தாண்டி நடந்தாள்.

கை சரியாகப் பொருந்தவில்லை. பால் பெட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் தூக்க முடிந்தது. தள்ளியிருந்த கடைகளுக்கு மழையில் நடந்து அலுத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் வாங்கோ என்று சொல்லவில்லை. சாமானைக் கொடுத்து மிச்சக்காசை மேசையில் வைத்தாள். யாருடைய கையிலும் கொடுக்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஒரு காலை டேரன் கடைக்குள் வந்தான். மெலிந்திருந்தான். புகையிலை கேட்டான்.

"வெளியே போ," என்றாள்.

"காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன்."

"உன் காசு வேண்டாம். போ."

உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அறைந்தான். அவள் பின்வாங்கவில்லை. அவன் போகும்போது வாசலில் நின்ற பத்திரிகைப் பலகையை உதைத்து விழுத்தினான்.

சிறிது நேரத்தில் லொரெய்ன் வந்தாள். "அவன் தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டான். இனி அவனைத் துரத்த நீ யார்?" என்று கத்தினாள்.

"சிறைக்கு அனுப்பியது அரசாங்கம். இந்தக் கதவு என்னுடையது," என்றாள் பூங்கோதை.

வேலையால் வந்த தவராசா கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "மன்னிச்சுவிட்டால் என்ன குறைஞ்சுபோம்?"

"அவன் மன்னிப்புக் கேட்டவனே?"

 பூங்கோதை வெளியே போய், காலையிலிருந்து விழுந்து கிடந்த பலகையை நிமிர்த்தி வைத்தாள். டேரன் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. அவள் அந்தத் தெருவில் ஒருவரோடும் சிநேகமாகவில்லை. கடையை விற்கவும் இல்லை.